ஏடிவி பின் டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: பந்தயத்துக்கும் காட்டுப் பாதைக்கும் முழுமையான வழிகாட்டி

கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டியான ஏடிவியின் பின் சக்கரத்துக்கு டயர் வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எது நன்றாகப் பிடிக்கும்?" என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்வி பாதிதான் சரி. நேராகப் போகும்போது தரையைப் பிடிக்க வேண்டிய அதே டயர், வளைவில் அளவோடு வழுக்கிக் கொடுக்கவும் வேண்டும். அதுவும் எந்தக் கணத்தில் எவ்வளவு வழுக்கும் என்பது ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரியும்படி வழுக்க வேண்டும்.

காரணம் வண்டியின் பின்பக்க அமைப்பிலேயே இருக்கிறது. யமஹா ஒய்எஃப்இசட்450ஆர், யமஹா ராப்டர் 700, ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர் போன்ற ஸ்போர்ட் ரக வண்டிகளின் பின் அச்சு ஒரே தண்டு. செயின் அந்தத் தண்டைச் சுழற்ற, இரண்டு பின் சக்கரங்களும் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. வளைவில் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கார்களில் உண்டு, இங்கே கிடையாது. பின் டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 40 அங்குலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி அரைவட்டம் அடித்துத் திரும்பும்போது வெளிப்பக்க டயர் உள்பக்க டயரைவிடச் சுமார் 126 அங்குலம் கூடுதலாகப் போயாக வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறாது. 20 அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ 63 அங்குலம் என்பதால், அந்த வித்தியாசம் இரண்டு முழுச் சுற்றுகள். தண்டு அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்து வழுக்கியே தீர வேண்டும். இரண்டும் விடாப்பிடியாகப் பிடித்தால் முன் சக்கரங்கள் திரும்பியிருந்தும் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும். இல்லையென்றால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டிருக்கும் பின்பகுதி திடீரென்று தரையைக் கவ்வி, உள்பக்கச் சக்கரத்தைத் தூக்கி, ஓட்டுபவரை வெளிப்பக்கம் எறிந்துவிடும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள வரிசையில் போனால் தேர்வு எளிதாகும். கடையில் கண்ணில் முதலில் படுவது பட்டன்களின், அதாவது டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகளின், வடிவம் என்பதால் எல்லோரும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். என் கருத்தில் அது நான்காவதாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

முதல் படி: எந்தத் தரை என்பதை முடிவு செய்தல்

வண்டி ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எந்தத் தரையில் கழிகிறது என்பதை நேர்மையாக எழுதிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போகும் மணல்மேட்டை நினைத்து டயர் வாங்கினால், மற்ற நாட்களெல்லாம் அந்த டயரோடு போராட வேண்டியிருக்கும்.

மோட்டோகிராஸ் என்பது உழுது, நீர் தெளித்து, பதப்படுத்திய மண்ணில் நடப்பது. பந்தயம் சில சுற்றுகளில் முடிந்துவிடும். தாவல்கள் உண்டு, கூர்மையான கற்கள் அதிகம் இருக்காது. டயர் லேசாக இருக்க வேண்டும், உடனடியாக வேகமெடுக்க உதவ வேண்டும், வளைவில் சாயாமல் நிற்க வேண்டும்.

காட்டுப் பந்தயம் இதற்கு நேரெதிர். அமெரிக்காவின் ஜிஎன்சிசி தொடரில் தொழில்முறை ஏடிவி ஓட்டுநர்கள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டுகிறார்கள். ஒரே சுற்றில் புல்வெளி, மரவேர், பாறை, ஓடைக்கரை, களிமண் ஏற்றம் எல்லாம் வரும். இங்கே பஞ்சரான டயரோடு வெற்றி பெறுவது அரிது என்பதால், பிடிமானத்தைவிடப் பிழைத்திருப்பதே டயரின் முதல் வேலை.

பொழுதுபோக்குக்காகக் காட்டுப் பாதைகளில் ஓட்டுபவர்களின் தேவை காட்டுப் பந்தயத்துக்கு நெருக்கமானதே தவிர மோட்டோகிராஸுக்கு அல்ல. மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலைகளினூடே ஆயிரம் மைலுக்கு மேல் நீளும் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் பாதைகளை எடுத்துக்கொண்டால், காலையில் பாறைப் படிகள், மதியம் களிச்சேறு, மாலையில் இறுகிய சரளைச் சாலை என்று ஒரே நாளில் எல்லாம் வந்துவிடும். வண்டி நிறுத்திய இடத்துக்குத் திரும்பிவர வேண்டும் என்பதே அங்கே போகிறவரின் பெரிய கவலை.

நான்காவது வகை மணல்மேடு. கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் போன்ற இடங்களுக்கு மற்ற எந்தக் கணக்கும் பொருந்தாது. அங்கே தனி ஜோடி டயரும் தனி ஜோடி ரிம்மும் வேண்டும்.

இரண்டாம் படி: அளவைப் படித்தலும் உயரத்தை முடிவு செய்தலும்

பின் டயரின் பக்கச்சுவரில் 20x10-9 என்று இருந்தால், காற்றடித்த நிலையில் டயரின் உயரம் 20 அங்குலம், அகலம் 10 அங்குலம், அது மாட்ட வேண்டிய ரிம்மின் விட்டம் 9 அங்குலம் என்று பொருள். முன்னால் ஏடி என்ற எழுத்துகள் இருந்தால் அது ஏடிவிக்கென்றே செய்யப்பட்டது. 10-க்கும் 9-க்கும் நடுவே சிறுகோடு இருந்தால் உள்ளிழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பயஸ் வகை, நம்மூர்க் கடைகளில் நைலான் டயர் என்று சொல்கிறோமே, அது. கோட்டுக்குப் பதில் ஆர் என்ற எழுத்து இருந்தால் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் ரேடியல்.

ஒய்எஃப்இசட்450ஆர், ராப்டர் 700, ஹோண்டாவின் 400இஎக்ஸ் ஆகியவை 20 அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் 9 அங்குல ரிம்மும் கொண்ட பின் டயரோடு விற்கப்பட்டவை. ஆகவே 20 அங்குலத்தை நடுநிலை அளவாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஏறுவதா இறங்குவதா என்று யோசிப்பது வசதி.

மோட்டோகிராஸ் ஓட்டுநர்கள் 18x10-8 அளவுக்கு இறங்குவது வழக்கம். உயரம் இரண்டு அங்குலம் குறைந்தால் அச்சு ஓர் அங்குலம் தாழ்கிறது. வண்டியின் எடை மையமும் தாழ்ந்து, வளைவில் கவிழும் போக்கு குறைகிறது. இலாபம் அதோடு நிற்பதில்லை. டயரின் சுற்றளவு பத்து சதவீதம் குறைவதால், அதே கியரில் வண்டி பத்து சதவீதம் குறைந்த வேகத்தில் போகும், அதே விகிதத்தில் இழுவிசை கூடும். பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் மாட்டும் பல்சக்கரத்தில்) 38 பற்கள் உள்ள வண்டியில் 20-லிருந்து 18-க்கு மாறுவது, 42 பற்கள் உள்ள ஸ்ப்ராக்கெட் மாட்டியதற்கு ஏறத்தாழச் சமம். டயரை மாற்றிவிட்டு "எஞ்சின் சீக்கிரம் கத்துகிறது" என்று கார்புரேட்டரையோ இன்ஜெக்‌ஷனையோ சந்தேகிப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதே 18 அங்குல டயரைக் காட்டுக்குள் கொண்டுபோனால் கதை மாறும். பின் அச்சோடு சேர்ந்தே ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிஸ்க்கும் தொங்குகின்றன. வண்டியின் ஷாக் அப்சார்பர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அவற்றைத் தரையிலிருந்து உயர்த்தாது. உயர்த்துவது டயரின் ஆரம் மட்டுமே. குறைந்துபோன அந்த ஓர் அங்குலம் ஒரு மரவேரிலோ பாறை விளிம்பிலோ ஸ்ப்ராக்கெட்டின் பல்லாகவோ டிஸ்க்கின் வளைவாகவோ திரும்பி வரும். எனவே காட்டுப் பந்தயத்துக்கும் பாதை ஓட்டத்துக்கும் 20 அங்குலமே சரி. பாறை மிகுந்த பகுதியில் மட்டுமே ஓட்டுபவர், நீண்ட பாலைவன ஓட்டம் போகிறவர் ஆகியோர் 22-க்கு ஏறலாம். ஆனால் எஞ்சின் சிறியதாக இருந்தால் பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு மூன்று பற்களாவது கூட்ட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ஏற்றத்தில் கிளட்ச் பாடுபடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான்கு சக்கர இயக்கம் கொண்ட, வேலைக்கும் சுமைக்கும் பயன்படும் யூட்டிலிட்டி வகை வண்டிகளில் பின் டயரின் உயரத்தை மட்டும் மாற்றவே கூடாது. முன், பின் சக்கரங்களின் சுழற்சி விகிதம் தொழிற்சாலை பொருத்திய டயர் உயரங்களுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் நான்கு சக்கர இயக்கம் இயங்கும்போதெல்லாம் முன் டிஃபரன்ஷியலும் தண்டுகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். அத்தகைய வண்டிக்கு நான்கையும் ஒரே விகிதத்தில் மாற்றுங்கள்.

மூன்றாம் படி: அகலம், தோள், பக்கச்சுவர்

பின் டயருக்குப் பெரும்பாலும் 10 அல்லது 11 அங்குல அகலம் கிடைக்கும். 11 அங்குலம் நேர்ப் பாதையில் கூடுதல் பிடிமானமும் இளகிய மண்ணில் கூடுதல் மிதப்பும் தரும். வளைவில் வழுக்கத் தொடங்கக் கூடுதல் விசை கேட்கும். பலம் மிகுந்த 700 சிசி வண்டிக்கு அது பொருந்தும். 400 சிசி வண்டியில் 11 அங்குலத்தை மாட்டினால், ஒவ்வொரு வளைவிலும் வண்டியை உடம்பால் திருகித் திருப்ப வேண்டியிருக்கும்.

அகலத்தைவிட முக்கியமானது, ஆனால் எந்தப் பட்டியலிலும் எண்ணாக அச்சிடப்படாதது, டயரின் தோள். டயரை நிறுத்தி எதிரே உட்கார்ந்து அதன் விளிம்பைப் பாருங்கள். தரையில் படும் மேற்பரப்பு பக்கச்சுவரைச் சந்திக்கும் இடம் செங்கோணமாக மடிந்து, விளிம்புப் பட்டன்கள் பக்கவாட்டில் துருத்தி நின்றால் அது சதுரத் தோள்; மெல்ல வளைந்து இறங்கினால் உருண்டைத் தோள். சதுரத் தோள் பக்கவாட்டு வழுக்கலைக் கடைசிவரை தடுத்துவிட்டு, பிறகு ஒரேயடியாக விட்டுவிடும். உருண்டைத் தோள் முன்னதாகவே வழுக்கத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விடும். பதப்படுத்திய மண்ணில் நேர்கோட்டு வேகம் முக்கியம் என்பவரும், இறங்குச் சரிவுகளில் பக்கவாட்டில் போக நேரும் பாதை ஓட்டுநரும் சதுரத் தோளை விரும்பலாம். அச்சு ஒரே தண்டாக இருக்கும் வண்டியில் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து போகிறவருக்கு உருண்டைத் தோளே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

பக்கச்சுவரின் உயரத்தைக் கழித்தல் கணக்கிலேயே அறியலாம். 20x10-9 டயரில் 20-லிருந்து 9-ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் ஐந்தரை அங்குலம். 18x10-8-லும், 10 அங்குல ரிம்முக்கான 20x11-10-லும் ஐந்து அங்குலம். 22x11-9-ல் ஆறரை அங்குலம். சுவர் உயர உயர டயர் அதிர்ச்சியை அதிகம் விழுங்கும், ரிம் அடிபடுவது குறையும்; ஆனால் வளைவில் சுவர் மடிந்து வண்டி சாயும். 1970-ல் ஹோண்டா வெளியிட்ட மூன்று சக்கர யுஎஸ்90 வண்டியில் சஸ்பென்ஷன் என்று எதுவுமே இல்லை. குறைந்த காற்றழுத்தத்தில் ஓடிய பருத்த டயர்களே அந்த வேலையைச் செய்தன. இன்றைய வண்டியில் நல்ல ஷாக் இருந்தாலும், சின்னச் சின்னக் கற்களையும் வேர்களையும் முதலில் வாங்கிக்கொள்வது இப்போதும் டயரின் சுவர்தான்.

நான்காம் படி: உடற்கட்டு, அதன்பின் பட்டன்கள்

பிளை ரேட்டிங் என்பது உள்ளே உண்மையில் எத்தனை அடுக்குத் துணி இருக்கிறது என்பதைக் காட்டும் எண்ணிக்கை அல்ல. அது பலத்தின் அளவுகோல். சில டயர்களில் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இருக்கும்: ஒரு நட்சத்திரம் இரண்டு பிளை, இரண்டு நட்சத்திரம் நான்கு, மூன்று நட்சத்திரம் ஆறு.

மோட்டோகிராஸுக்கு இரண்டு அல்லது நான்கு பிளை போதும். காட்டுப் பந்தயத்துக்கும் பாறைப் பாதைக்கும் ஆறு பிளைக்குக் கீழே போகாதீர்கள். ஐடிபி நிறுவனத்தின் ஹோல்ஷாட் ஜிஎன்சிசி, மேக்ஸிஸ் நிறுவனத்தின் ரேசர் ஆகிய இரண்டும் ஆறு பிளையாக வருபவை, காட்டு ஓட்டத்தில் நீண்ட காலமாகப் பழகிய பெயர்கள்; வேறு எதை வாங்கினாலும் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விலை கொடுக்க வேண்டியது பணத்தில் மட்டுமல்ல, எடையிலும்தான். பலத்த டயர் லேசான டயரைவிட ஓரிரு கிலோ கூடுதலாக இருக்கலாம். அந்த எடை சுழலும் எடை; அதோடு அச்சு, ஹப் (ரிம்மை மாட்டும் குடம்), டிஸ்க் எல்லாம் சேர்ந்து ஷாக்குக்குக் கீழே தொங்கும் எடை. எஞ்சின் அதைச் சுழற்றவும் வேண்டும், ஷாக் அதை ஒவ்வொரு மேட்டிலும் அடக்கவும் வேண்டும். மோட்டோகிராஸ் ஓட்டுநர் ஆறு பிளையைத் தவிர்ப்பது இதனால்தான். கடினமான சுவர் இன்னொன்றையும் செய்கிறது: அதே காற்றழுத்தத்தில் குறைவாக மடிகிறது, அதனால் காற்றைச் சற்றே குறைத்து ஓட்ட முடிகிறது.

ரேடியல் டயரில் சுவர் இளகியும் மேற்பரப்பு தட்டையாகவும் இருக்கும். நீண்ட பாதை ஓட்டத்தில் சுகமானது, தேய்மானமும் சீராக இருக்கும். ஸ்போர்ட் வண்டிப் பந்தயத்தில் பயஸ் டயரே இன்னும் பெரும்பான்மை. தெளிவான காரணம் இல்லாமல் அதிலிருந்து விலக வேண்டியதில்லை.

இனி பட்டன்கள். பட்டன் மண்ணுக்குள் இறங்கி மண்ணின் சுவரைத் தள்ளுவதால் வண்டி முன்னேறுகிறது. ஆகவே கேட்க வேண்டியது, உங்கள் தரை பட்டனை உள்ளே விடுமா விடாதா என்பது.

இறுகிய தரையில் பட்டன் இறங்காது. அங்கே உயரமான பட்டன் தன் நுனியில் நின்று நெளியும்; பிடிமானம் குறையும், வெப்பமாகும், வேரோடு கிழியும். குட்டையான, நெருக்கமான, மென்மையான ரப்பரில் செய்த பட்டன்கள் வேண்டும், அப்போதுதான் தரையைத் தொடும் விளிம்புகளின் எண்ணிக்கை கூடும். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும் என்பதை ஒப்புக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

ஈரப்பதமுள்ள இளகிய மண்ணில் நடுத்தர உயரமும், பட்டன்களுக்கிடையே விரல் நுழையும் இடைவெளியும் சரியான சமரசம். காட்டுப் பாதைக்கும் இதுவே நல்லது. மரவேர்கள் மிகுந்த இடமென்றால் இன்னொன்றையும் பாருங்கள்: நடுப்பகுதியின் பட்டன்கள் எல்லாம் குறுக்காக ஒரே வரிசையில் நிற்கின்றனவா, அல்லது முன்பின்னாக மாறி மாறி நிற்கின்றனவா? ஈர வேர் பாதைக்குக் குறுக்காக அல்லாமல் சாய்ந்து கிடக்கும்போது, மாறி மாறி நிற்கும் பட்டன்களில் ஏதாவது ஒன்றின் விளிம்பு அதைக் கவ்வும். ஒரே வரிசையாக நிற்பவை வேரின்மேல் தண்டவாளத்தில் ஏறியதுபோல் வழுக்கிக்கொண்டே போகும்.

சேற்றுக்கு உயரமான, இடைவெளி அகன்ற பட்டன்கள் வேண்டும். இங்கே சேற்றைப் பிடிப்பதைவிட, பிடித்த சேற்றை உதறுவதே முக்கியம். இடைவெளிகள் களிமண்ணால் அடைத்துக்கொண்டால் எந்த டயரும் வழவழப்பான உருளைதான். ஆனால் சேற்று டயர் இறுகிய தரையில் அதிரும், வளைவில் எப்போது விடும் என்பது கணிக்க முடியாதபடி இருக்கும். பயணத்தில் சேறு வரும் என்பதற்காகச் சேற்று டயர் வாங்க வேண்டாம். பயணமே சேற்றுக்காக என்றால் வாங்குங்கள்.

மணலில் பட்டன் என்ற யோசனையே பயன்படாது. வழவழப்பான உடலின் குறுக்கே ரப்பர்த் துடுப்புகள் நிற்கும் பேடில் டயரே அங்கே வேலை செய்யும். 400, 450 சிசி வண்டிகளுக்கு எட்டு துடுப்பு நல்ல தொடக்கம். எஞ்சின் பலம் கூடினால் பத்துக்குப் போகலாம். துடுப்பு அதிகமானால் இழுவை கூடும், ஆனால் பலமில்லாத எஞ்சின் திணறும். இந்த டயரை மணலிலிருந்து வெளியே, கெட்டித் தரையில் ஓட்டினால் துடுப்புகள் பாழாகும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதே மேல்.

ஐந்தாம் படி: ரிம்மும் பொருத்தமும்

10 அங்குல அகல டயருக்கு 8 அங்குல அகல ரிம் பொதுவான பொருத்தம். பழைய ரிம்மையே வைத்துக்கொள்வதானால் விட்டம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். 18x10-8 டயருக்கு மாறுகிறவர் 8 அங்குல விட்டமுள்ள புது ரிம் வாங்கியாக வேண்டும். அப்போது போல்ட் துளைகளின் அமைப்பைக் கவனிக்கவும்: ஹோண்டா ஸ்போர்ட் வண்டிகளின் பின் ஹப்பில் நான்கு துளைகள் 110 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கின்றன, யமஹா ஸ்போர்ட் வண்டிகளில் 115 மில்லிமீட்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். பழைய ரிம் விற்பவர்கள் பலருக்கும் தாம் விற்பது எது என்று தெரிவதில்லை, எனவே அளந்து பார்த்தே வாங்குங்கள்.

காட்டுப் பந்தயத்தில் தொடர்ந்து ஓட்டுபவருக்கு, டயரின் விளிம்பை வளையம் வைத்து ரிம்மோடு போல்ட் போட்டு இறுக்கும் பீட்லாக் ரிம் நல்ல முதலீடு. காற்று முழுதும் போனாலும் டயர் ரிம்மிலிருந்து கழலாது, தட்டுத் தடுமாறியாவது சுற்றை முடிக்கலாம்.

ஆறாம் படி: ஜோடியை அளந்து பார்த்தல்

பெரும்பாலான கடைகளில் யாரும் சொல்லாத படி இது. ஒரே கம்பெனி, ஒரே எண், ஒரே நாளில் வாங்கிய இரண்டு டயர்கள்கூடச் சுற்றளவில் அரை அங்குலத்துக்கு மேல் வேறுபடலாம். காரில் அதை டிஃபரன்ஷியல் பார்த்துக்கொள்ளும். ஒரே தண்டான பின் அச்சில், பெரிய டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நடப்பதால் வண்டி எப்போதும் சிறிய டயரின் பக்கமாகவே இழுக்கும். ஹேண்டில்பாரை நேராக்கியும், முன் சக்கரச் சீரமைப்பை மாற்றியும் தீராத இழுப்புக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இரண்டையும் ரிம்மில் மாட்டி, ஒரே அழுத்தத்தில் காற்றடித்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் தையல்காரர் டேப்பை நடுக்கோட்டில் சுற்றி அளக்கவும். டேப் இரண்டு டயரிலும் ஒரே பட்டன் வரிசையின் மேல் போக வேண்டும். ஒன்றில் பட்டனிலும் மற்றதில் பள்ளத்திலும் போனால் அளவு தவறாகும். வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேலென்றால், சிறியதற்கு அரை பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) கூடுதலாக அடித்துச் சமன் செய்யப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் கடைக்காரரிடம் இன்னொரு டயர் கேட்பதே வழி. ஒரே திசையில் மட்டும் திரும்பும் நீள்வட்ட மண்தளப் பந்தயங்களில் இதே வித்தியாசத்தை வேண்டுமென்றே வைத்து, பெரிய டயரை வெளிப்பக்கம் மாட்டுகிறார்கள். இருபுறமும் திரும்பும் பாதைக்கு அது ஆகாது.

ஏழாம் படி: மாட்டுதல்

குறைந்த காற்றில் கழலாமல் இருக்க வேண்டும் என்பதால் ஏடிவி டயரின் விளிம்பு ரிம்மில் மிக இறுக்கமாக உட்காரும்படி செய்யப்பட்டிருக்கிறது. பழைய டயரைக் கழற்றுவதே பெரிய வேலை. கைவசம் கருவி இல்லையென்றால் கடையில் கொடுங்கள். சொந்தமாக மாட்டுபவர் சுழற்சித் திசையைக் காட்டும் அம்புக்குறியைச் சரிபார்த்து, விளிம்பு முழுவதும் சோப்புத் தண்ணீர் தடவி, பக்கச்சுவரில் விளிம்பை உட்கார வைப்பதற்கென்று அச்சிடப்பட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல் காற்றடிக்க வேண்டும். அந்த எண்ணிக்கையிலும் உட்காரவில்லை என்றால் காற்றை முழுதும் இறக்கி, மீண்டும் சோப்புத் தடவித் தொடங்குங்கள். இன்னும் கொஞ்சம் அடித்துப் பார்ப்போம் என்ற எண்ணத்தில் ரிம்மிலிருந்து வெடித்துப் பறக்கும் டயர் கையை முறிக்கும். காற்றடிக்கும்போது நீளமான குழாயைப் பயன்படுத்தி, டயருக்கு மேலே குனியாமல் விலகி நிற்கவும்.

எட்டாம் படி: காற்றழுத்தம்

தேர்வின் பாதி வேலையை முடித்துக் கொடுப்பது காற்றழுத்தம். வண்டியில் ஒட்டியிருக்கும் லேபிளில் பின் டயருக்குப் பெரும்பாலும் 4 முதல் 5 பிஎஸ்ஐ என்ற அளவிலேயே எண் இருக்கும். கார் டயருக்கு ஒரு பிஎஸ்ஐ கூடினால் குறைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே ஒரு பிஎஸ்ஐ என்பது இருபது சதவீதம். பெட்ரோல் பங்க் மீட்டர் இதற்கு உதவாது. 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் குறையழுத்த மீட்டர் ஒன்று வாங்கி, எப்போதும் அதிலேயே அளக்கவும்.

தொடங்குவதற்கு ஓர் அளவு சொல்ல வேண்டுமென்றால், மோட்டோகிராஸுக்கு 5, காட்டுப் பந்தயத்துக்கும் பாறைப் பாதைக்கும் ஆறு பிளை டயரில் 5 முதல் 6, மணலில் பேடில் டயருக்கு 4. அங்கிருந்து அரை அரை பிஎஸ்ஐயாக மாற்றி, ஒரே வளைவை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பின்பகுதி வளைவில் சட்டென்று பிடித்து உதைத்தால் அரை பிஎஸ்ஐ கூட்டவும். நேர்ப் பாதையில் சக்கரம் வெறுமனே சுற்றினால், சின்ன மேடுகளில் துள்ளினால், குறைக்கவும். ரிம் கல்லில் மோதும் சத்தம் ஒருமுறை கேட்டாலும் குறைத்தது போதும் என்று பொருள்.

காலைக் குளிரில் அடித்த காற்று வெயிலில் மாறும். டயருக்குள் வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் 5 பிஎஸ்ஐ என்பது 6-ஐத் தாண்டிவிடும், ஏனெனில் வெப்பம் கூட்டுவது மீட்டர் காட்டும் ஐந்தை மட்டுமல்ல, வளிமண்டலத்தின் ஏறத்தாழ 15 பிஎஸ்ஐயையும் சேர்த்துத்தான். பந்தயத்தன்று இரண்டு சுற்று பயிற்சி ஓட்டி, டயர் சூடான பிறகு அளந்து எழுதி வைப்பதே நம்பகமானது.

பாதை ஓட்டத்துக்குப் போகும்போது பஞ்சர் ஒட்டும் கருவிப்பெட்டியும் சிறு கைப்பம்பும் எடுத்துச் செல்லுங்கள். சிறிய கார்பன் டை ஆக்ஸைடு குப்பிகளை நம்புகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்: 20x10-9 டயரின் உள் கொள்ளளவு முப்பது லிட்டரை ஒட்டியது, 16 கிராம் குப்பி ஒன்றால் அதை 5 பிஎஸ்ஐக்கு நிரப்ப முடியாது. குறைந்தது மூன்று குப்பிகள் இருக்கட்டும். கிழிசல் பக்கச்சுவரில் என்றால் கருவிப்பெட்டியும் குப்பியும் அவ்வளவாக உதவாது. மெதுவாக உருட்டிக்கொண்டு திரும்புவதுதான்.

ஒன்பதாம் படி: தேய்மானத்தைப் படித்தல்

பின் டயர் தேய்வது உயரத்தில் தொடங்குவதில்லை, விளிம்பில் தொடங்குகிறது. புது பட்டனின் முன்விளிம்பில் விரலை வைத்து இழுத்தால் கூர்மையாகத் தட்டும். சில ஓட்டங்களுக்குப் பிறகு அதே இடம் உருண்டு வழவழப்பாக இருக்கும், பட்டனின் பின்விளிம்பு மட்டும் கூர்மையாகவே நிற்கும். உயரம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், அந்த முன்விளிம்பு மழுங்கிய அன்றே இறுகிய தரையில் பிடிமானம் போய்விட்டது. பந்தய ஓட்டுநர்கள் சூட்டுக் கத்தியால் பட்டன்களின் நடுவே மெல்லிய கோடு வெட்டிப் புதிய விளிம்புகளை உண்டாக்குகிறார்கள். கோடு பட்டனின் அடிவரை இறங்கக் கூடாது, இறங்கினால் பட்டனே பிய்ந்துவிடும். அம்புக்குறி கட்டாயமில்லாத டயரானால் ரிம்மில் திருப்பி மாட்டி, கூர்மையாக நிற்கும் பின்விளிம்பை முன்னால் கொண்டுவரலாம்.

நடுப் பட்டன்கள் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். தோள் மட்டும் தேய்ந்தால் காற்று குறைவு, அல்லது இறுகிய தரையில் அளவுக்கு மீறி வழுக்கி ஓட்டுகிறீர்கள். பந்தயத்துக்கு மழுங்கிய டயர் பாதை ஓட்டத்துக்கு இன்னும் நெடுநாள் உழைக்கும் என்பதால், போட்டிக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரே வண்டியை ஓட்டுபவர் இரண்டு ஜோடி ரிம் வைத்துக்கொள்வது நீண்ட காலத்தில் சிக்கனம்.

ஒரு பக்கம் மட்டும் கிழிந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும், தேய்ந்ததும் புதியதும் ஒரே சுற்றளவில் இருப்பதில்லை. கழற்றிய நல்ல டயரை வீச வேண்டாம். அதன் சுற்றளவையும் கழற்றிய தேதியையும் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதி நிழலில் வைத்திருந்தால், அடுத்த முறை ஏதாவது ஒன்று கிழியும்போது ஜோடி சேர்க்க உதவும்.